ஆலைப் புகைக்கும் இனிப்புநீருக்கும் சம்பந்தம் உண்டா?

பிரிவு: உடல்நலம் › இனிப்புநீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு

#1 செம்பனைக்காட்டான்
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம், பழைய தோட்டத்தை ஒட்டி எழுந்த தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். மனைவிக்குக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் சீனி 6.5 மில்லிமோல், எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை) 6.0. "இனிப்புநீர் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது" என்றார் டாக்டர். சோற்றைக் குறை, சீனியை நிறுத்து, நட என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விஷயம் என்னவென்றால், அவள் குண்டு இல்லை. சீனி போட்ட தேநீர் குடிப்பதில்லை. அவளுடைய அப்பா அம்மாவுக்கும் இந்த வியாதி கிடையாது. அதைச் சொன்னதற்கு டாக்டர் பார்த்த பார்வையே "எல்லாரும் இப்படித்தான் சொல்கிறீர்கள்" என்பது போல இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், செம்பனை வரிசைகளைத் தாண்டி, செம்பனை எண்ணெய் ஆலை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் துணியில் கரும்பொட்டு விழும். பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் விழுந்ததை விரலால் தட்டினால் போச்சு, கறுப்புக் கோடாக இழுத்துக்கொள்ளும். வாயால் ஊதித்தான் எடுக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் அக்கம்பக்கத்தில் குப்பை கொளுத்துவார்கள். வறட்சி நீண்டு ராஜா மூசா காட்டுப் பக்கம் கம்புட் மண் (மக்கிய தழை நிறைந்த சதுப்பு மண்) பற்றிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

புகையால் இருமல், ஆஸ்துமா வரும் என்பது தெரிந்ததுதான். சீனியும் ஏறுமா? யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள்.

#2 கிள்ளான் முருகு
ஞாயிறு, இரவு 10.05

அண்ணே, நெருப்பில்லாமல் புகையாது. தே தாரேக் இல்லாமல் இனிப்புநீர் வராது.

கோபப்படாதீர்கள். நான் இருப்பது ஜோஹான் செத்தியாவுக்குப் பக்கத்தில். கம்புட் நிலத்தில் தீ வைத்துவிட்டு ஓடுகிற ஊர் என்று பேப்பரில் அடிக்கடி பெயர் வரும். எனக்கு சீனி இல்லை. என் கொலீக் ஏர்கான் அறையை விட்டு வெளியே வராத மனுஷன், அவனுக்கு 11. அண்ணி வேலை செய்யும் இடத்தில் மைலோ, பொரித்த மீ, குவே என்று என்னென்ன உள்ளே போகிறதோ, யார் கண்டது? நம் ஆட்களுக்குக் குற்றம் சுமத்த வெளியே ஓர் ஆள் வேண்டும். இப்போது புகை மாட்டியிருக்கிறது.

#3 ரிட்டையர் மிஸ்ஸி
திங்கள், காலை 7.15

முருகு தம்பி, சிரித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தொடங்கி கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கக் கிளினிக்கில்) ஓய்வு பெற்றவள். "உங்கள் வாய்தான் காரணம்" என்ற வசனத்தை நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். அது பொய்யில்லை. அதுவே முழுக்கதை என்று நினைப்பதுதான் பிரச்சினை.

செம்பனைக்காட்டான் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. புகையில் இருப்பது ஒரே சாமான் இல்லை. துணியில் விழும் கரும்பொட்டு பெரிய துகள். அது கண்ணை உறுத்தும், மூக்கில் அடைக்கும், அதோடு பெரும்பாலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் ஆபத்து. பிஎம்2.5 என்று செய்தியில் சொல்வது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள துகள்களை. தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை இறங்கிவிடும்.

அங்கே அதை விழுங்க வெள்ளணுக்கள் வரும். சில துகளை அவற்றால் செரிக்க முடியாது. அப்போது அவை அழற்சியைக் கிளப்பும் ரசாயனங்களை ரத்தத்தில் விடுகின்றன. இது ஒரு நாள் நடந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் தினமும் நடந்தால், தசையும் ஈரலும் வயிற்றுக் கொழுப்பும் அந்த லேசான அழற்சியிலேயே ஊறிக் கிடக்கும். அந்த நிலையில் இன்சுலின் சொல்வதைத் தசை சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். அது களைக்கத் தொடங்கும்போதுதான் நம் ரிப்போர்ட்டில் 6.5 தெரியும். இதோடு புகை நரம்பு மண்டலத்தையும் ரத்தக் குழாயின் உள்சுவரையும் தொந்தரவு செய்கிறது. அதனால்தான் சீனி, கொதிப்பு, கொழுப்பு மூன்றும் சேர்ந்தே வருவதைப் பார்க்கிறோம்.

2009இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சஞ்சய் ராஜகோபாலன் என்ற இருதய மருத்துவரின் குழு. எல்லா எலிக்கும் ஒரே கொழுப்புத் தீனி. பாதிக்கு வடிகட்டிய காற்று, பாதிக்கு நகரத்துக் காற்றின் நுண்துகள், 24 வாரம். தீனி ஒன்றுதான், ஆனால் துகளைச் சுவாசித்த எலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு அதிகம், வயிற்றுக் கொழுப்பில் அழற்சியும் அதிகம். முருகு தம்பி, கவனியுங்கள்: தீனியும் குற்றவாளிதான். கூட்டாளி ஒருவன் இருக்கிறான் என்கிறேன், அவ்வளவுதான்.

#4 கிள்ளான் முருகு
திங்கள், காலை 8.02

எலிக்கு வந்தால் எனக்கும் வருமா மிஸ்ஸி? எலி தே தாரேக் குடிப்பதில்லையே. 😄 மனுஷனை வைத்துச் சொல்லுங்கள்.

#5 கணக்கு வாத்தியார்
திங்கள், மாலை 4.30

மனுஷக் கணக்கு நான் தருகிறேன். இடைநிலைப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன், டாக்டர் இல்லை. எண்களை மட்டும் பேசுவேன்.

நமக்கு நெருக்கமான ஆய்வு சென்னையிலும் டில்லியிலும் நடந்தது. 2010இல் தொடங்கி ஏறக்குறைய 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ரத்தத்தில் சீனி அளவு ஒரு பக்கம், அவரவர் வசிக்கும் இடத்தின் பிஎம்2.5 இன்னொரு பக்கம். 2023இல் வெளிவந்த முடிவு: வருடச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், புதிதாக இனிப்புநீர் வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுகிறது. சாப்பாடும் உடல்வாகும் நம்மோடு ஒத்துப்போகிற மக்கள் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

அதற்கு முன் 2018இல் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் 1.7 மில்லியன் பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு. தொடக்கத்தில் யாருக்கும் இனிப்புநீர் இல்லை. சராசரியாக எட்டரை வருடம் கவனித்தார்கள். அங்கே அதே 10 மைக்ரோகிராமுக்கு 15 சதவீதம். 2016இல் மட்டும் உலகம் முழுக்க 3.2 மில்லியன் புதிய இனிப்புநீர் நோயாளிகளுக்குப் புகைக்காற்று ஒரு காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். பின்னால் வந்த உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கு, வெளிக்காற்றையும் வீட்டு அடுப்புப் புகையையும் சேர்த்து, இரண்டாம் வகை இனிப்புநீரின் சுமையில் ஐந்தில் ஒரு பங்குக்கு நுண்துகளைக் கைகாட்டுகிறது.

22 சதவீதம் என்றதும் பயந்துவிடாதீர்கள், இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நூறு பேரில் 22 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஒரு பேச்சுக்கு, நூறு பேரில் 10 பேருக்கு எப்படியும் வரப்போகிறது என்று வைத்துக்கொண்டால், அது 12 ஆகும். தனி மனுஷனுக்குச் சின்ன வித்தியாசம். ஒரு மாவட்டத்துக்கே கணக்குப் பார்த்தால் சின்னது இல்லை.

#6 கிள்ளான் முருகு
திங்கள், மாலை 5.10

சார், ஒரு கேள்வி. புகை அதிகமாக இருக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? காசில்லாதவர்கள். ஆலைக்குப் பக்கத்தில் பங்களாவா கட்டுவார்கள்? காசில்லாதவர்கள் மலிவான சாப்பாடு சாப்பிடுவார்கள், ஓவர்டைம் செய்வார்கள், தூங்க மாட்டார்கள். அதனால் வருகிற சீனியைப் புகை கணக்கில் எழுதிவிட்டார்கள் என்றால்?

#7 கணக்கு வாத்தியார்
திங்கள், இரவு 8.45

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு. வயது, எடை, புகைப்பழக்கம், வசதி எல்லாவற்றையும் கணக்கில் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். கழிப்பது நூற்றுக்கு நூறு சரியாக வராது என்பதும் உண்மை.

ஆனால் அந்த ராணுவத்தினர் ஆய்வில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். புகையோடு சம்பந்தமே இருக்க முடியாத ஒன்றை எடுத்து அதே கணக்கைப் போட்டார்கள்: கால் எலும்பு முறிவு. ஏழ்மையும் இருப்பிடமும்தான் கணக்கைக் கெடுக்கின்றன என்றால், புகை கூடும் இடத்தில் கால் முறிவும் கூடியதாகக் காட்ட வேண்டும். காட்டவில்லை. இன்னொன்று, காற்றில் உள்ள சோடியத்தை எடுத்து அதற்கும் இனிப்புநீருக்கும் தொடர்பு வருகிறதா என்று பார்த்தார்கள். அதுவும் வரவில்லை. நுண்துகளுக்கு மட்டும் வந்தது. இதனால் எல்லாம் நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மிஸ்ஸி சொன்ன எலிச் சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிரித்துத் தள்ளுகிற விஷயம் இல்லை.

#8 பாய்லர் மாமா
திங்கள், இரவு 11.20

நைட் ஷிப்ட் பழக்கம், தூக்கம் வரவில்லை. இந்த ஆலை சமாச்சாரத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது. வேறு மாவட்டத்து மில்லில் பாய்லர் பார்த்தவன்.

செம்பனை மில் பாய்லருக்கு டீசல் ஊற்றுவதில்லை. பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும், கொட்டையை உடைத்த ஓடும்தான் எரிபொருள். சும்மா கிடைக்கிறது, அதனால் அதுதான். நார் காய்ந்து, காற்று சரியாகக் கொடுத்தால் புகை வெளுப்பாக, சாம்பல் நிறத்தில் போகும். நார் ஈரமாக இருந்தாலும், ஒரேயடியாக அள்ளித் திணித்தாலும், கறுப்பாகக் கக்கும். நிறுத்தி வைத்த பாய்லரை மறுபடி கொளுத்தும்போதும் அப்படித்தான். இன்னொன்று, குழாயில் படிந்த கரியை நீராவி அடித்து ஊதி எடுப்போம். அந்த நேரம் காற்று எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துத் துணிக்கெல்லாம் கேடு. தம்பி வீட்டுச் சட்டையில் விழுவது அநேகமாக அதுதான்.

முன்பு வெறுங்குலைகளையும் சூளையில் போட்டு எரிப்பார்கள். அந்த வெள்ளைப் புகை தோட்டம் முழுக்கப் படுத்துக்கிடக்கும். இப்போது பெரும்பாலும் செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய் உரமாகப் பரப்புகிறார்கள். அது நல்ல மாற்றம்தான். சட்டமும் இறுகிவிட்டது. 2014ஆம் ஆண்டின் சுத்தக் காற்று விதிமுறை வந்த பிறகு, மின்சாரத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் கருவி போட்ட மில்கள் இருக்கின்றன. போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஒன்று மட்டும்: ஆலைப் புகைக்கூண்டு உயரம். கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிந்தாலும் பாதி மேலே போய்க் கலைந்துவிடும். பக்கத்து வீட்டில் முட்டி உயரத்தில் கொளுத்தும் பிளாஸ்டிக் நேராக உங்கள் ஜன்னலுக்குள் வரும்.

#9 நிர்வாகி
செவ்வாய், காலை 9.00

ஆலையின் பெயரையும் முதலாளி பெயரையும் போட்டு வந்த ஒரு பதிவை எடுத்துவிட்டோம். புகாரை அதற்குரிய இலாகாவில் கொடுங்கள். இங்கே பெயர் வேண்டாம்.

#10 லயத்து அக்கா
செவ்வாய், காலை 10.30

பாய்லர் மாமா சொன்னது சத்தியம். நான் வளர்ந்தது லயத்து வீட்டில். அம்மா பால்மரக் கட்டையில்தான் சமைப்பார். அடுப்புக்கு மேலே ஓடு எல்லாம் தார் பூசியது போல இருக்கும். வெளியே ஆலைப் புகையைத் திட்டுவோம், உள்ளே அதைவிட அதிகமாகக் குடித்தோம். அம்மாவுக்குக் கடைசியில் இனிப்புநீர், கொதிப்பு இரண்டும். அதற்கு அடுப்புதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் ஒரு தடவைகூட அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது எல்லாருக்கும் கேஸ் அடுப்பு. ஆனால் கொசுவர்த்தி? எங்கள் தாமானில் ராத்திரி முழுக்க, கதவு ஜன்னல் சாத்தி, கட்டிலுக்கு அடியில் சுருள் எரிகிறது. டெங்கிக்குப் பயந்துதான், தப்பு சொல்ல முடியாது. வாத்தியார் சார், இதற்கும் கணக்கு இருக்கிறதா?

#11 கணக்கு வாத்தியார்
செவ்வாய், மதியம் 1.15

இருக்கிறது அக்கா, அதுவும் நம் ஊர்ச் சுருளுக்கே. 2003இல் வந்த ஓர் ஆய்வில் சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவர்த்திச் சுருள்களை எரித்து அளந்தார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்ததற்குச் சமம். பிராண்டைப் பொறுத்து மாறும்.

இது சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், காற்றில் கலக்கும் துகளின் எடை மட்டும்தான் ஒப்பீடு. ஆனாலும் மூடிய அறை, எட்டு மணி நேரம், ஒவ்வொரு ராத்திரியும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கும் செலவு சில மாதத்துச் சுருள் காசுதான்.

#12 கிள்ளான் முருகு
செவ்வாய், மதியம் 1.40

என் மாமியார் சுருள் இரண்டு ஏற்றுவார். சாம்பிராணி தனி. இன்று ராத்திரி வீட்டில் சண்டை கன்பர்ம்.

#13 செம்பனைக்காட்டான்
செவ்வாய், இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. படித்துக்கொண்டே இருக்கிறேன். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். "அப்பாடா, நான் பொய் சொல்லவில்லை என்று யாரோ நம்புகிறார்கள்" என்றாள்.

இன்னொரு சந்தேகம். ஏபிஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) ஆப்பில் கோலசிலாங்கூர் ஸ்டேஷனைப் பார்க்கிறேன். வருடத்தில் பெரும்பாலான நாள் 60, 70. 'மிதமானது' என்றுதான் போடுகிறான். 2005இல் இங்கே 500 தாண்டி அவசரகாலமே போட்டார்கள், அந்த ஆகஸ்ட் மாதம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இப்போது ஒன்றுமே இல்லையே. இந்த அளவுக்கெல்லாமா சீனி ஏறும்?

#14 ரிட்டையர் மிஸ்ஸி
புதன், காலை 6.50

தம்பி, நம் நாட்டில் எல்லாரும் செய்யும் காரியம் இதுதான். புகைமூட்டம் வந்தால் மாஸ்க் தேடி ஓடுகிறோம், பள்ளிக்கூடம் மூடுகிறோம், டிவியில் அதே பேச்சு. 2005இல் நீங்கள் சொன்ன அவசரகாலம், 2013இல் மூவாரில் 746 போனது, 2015, 2019. மழை பெய்ததும் மறந்துவிடுகிறோம். அந்த நாட்கள் ஆஸ்துமாக்காரர்களுக்கும் நெஞ்சு வலிக்காரர்களுக்கும் உயிர் ஆபத்து. சீனி விஷயம் அப்படி வேலை செய்வதில்லை. 60, 70 என்று வருடம் முழுக்க ஓடுகிறதே, அதுதான் இங்கே கணக்கு. ஆலோங்கிடம் (வட்டிக்காரனிடம்) வாங்கிய கடன் மாதிரி, முதல் சின்னதுதான், வட்டிதான் ஆளைத் தின்னும்.

எண்ணையும் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம்2.5க்கு வருடச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று இறக்கிவிட்டது. அதற்கு முன் 10. நம் நாட்டுத் தரம் 15. ஒரு நாள் சராசரிக்கு அவர்கள் 15, நாம் 35. ஆக, சட்டப்படி சுத்தமான காற்று என்றாலே அவர்கள் சொல்வதைப்போல மூன்று மடங்கு இருக்கலாம். ஏபிஐ கெட்டதென்று சொல்லவில்லை. இன்றைக்குப் பிள்ளையை வெளியே விளையாட விடலாமா என்பதற்குத்தான் அது. இருபது வருடம் இங்கே குடியிருந்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். நம் இந்தியர்களில் 31.4. 2023இல் நாட்டுச் சராசரி 15.6க்கு இறங்கியது, சந்தோஷம். ஆனாலும் நம் ஆட்கள்தான் முன்வரிசை. நம் உடம்பு வாகு அப்படி: ஆள் ஒல்லி, கொழுப்பு வயிற்றுக்குள். அதனால் கிலோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். டேப் எடுத்து இடுப்பை அளங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. அண்ணியின் இடுப்பு எவ்வளவு?

#15 செம்பனைக்காட்டான்
புதன், மதியம் 12.40

84 மிஸ்ஸி. எடை 56 கிலோதான்.

#16 ரிட்டையர் மிஸ்ஸி
புதன், மதியம் 2.05

சரி, அப்படியானால் ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் என்ற ரத்தக் கொழுப்பு அளவுகள் இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு 1.7க்கு மேல், எச்டிஎல் பெண்ணுக்கு 1.3க்குக் கீழ், கொதிப்பு 130/85க்கு மேல், வெறும் வயிற்றுச் சீனி 5.6க்கு மேல், இடுப்பு. இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தால் வளர்சிதை நோய்த்தொகுப்பு என்பார்கள். அண்ணிக்கு இப்போதே இரண்டு ஆகிவிட்டது. அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பம், வயது 40 தாண்டியவர் என்றால் பேக்கா பி40 திட்டத்தில் இலவசமாகவே ரத்தம் பார்ப்பார்கள், பட்டியலில் உள்ள தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். தகுதி உண்டா என்று கிளினிக்கில் ஐசி கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எச்பிஏ1சி 6.0 என்பது திரும்பி வரக்கூடிய இடம்தான். இங்கே 6.3 தொட்டால்தான் இனிப்புநீர் என்று எழுதுவார்கள். டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள். புகை காரணமாக இருக்கலாம் என்பதற்காகச் சோற்றுத் தட்டை மறுபடி நிரப்பிவிடக் கூடாது. புகையை உடனே நிறுத்த நம்மால் முடியாது, தட்டு நம் கையில். புகை இருக்கும் ஊரில் இருப்பவர் மற்றவரைவிட இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நியாயமில்லைதான், என்ன செய்வது.

#17 கிள்ளான் முருகு
புதன், மதியம் 2.30

இதற்கு என் ஓட்டு. முதலில் வாய், அப்புறம் புகை. வரிசையை மாற்றாதவரை எனக்குச் சண்டை இல்லை.

#18 யுனிசெல் தம்பி
புதன், மாலை 6.15

நான் இங்கே படிக்கும் மாணவன். ஆன்லைனில் வாங்கிய சின்ன லேசர் சென்சரை வாடகை வீட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். மலிவு சாமான், ஈரப்பதம் ஏறினால் எண்ணைக் கூட்டிக் காட்டும், அதனால் எண்ணை நம்பாமல் எப்போது ஏறுகிறது எப்போது இறங்குகிறது என்பதை மட்டும் பார்ப்பேன்.

அண்ணி நடைப்பயிற்சி போவதாக இருந்தால் இது உபயோகப்படும். எல்லாரும் 'விடியற்காலைக் காற்று சுத்தம்' என்று ஐந்தரைக்குக் கிளம்புகிறார்கள். காட்டில் கம்புட் புகையும் காலத்தில் அதுதான் மோசமான நேரம். ராத்திரி தரை குளிர்ந்துவிடும், மேலே சூடான காற்று மூடி போட்டுவிடும், புகை மேலே போக வழியில்லாமல் தரையோடு கிடக்கும். பனி என்று நினைத்துக்கொண்டு அதற்குள் மூச்சிரைக்க நடக்கிறார்கள். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணி ஆனால் கலைந்துவிடும். சாயங்காலம் ஆறரை முதல் எட்டு வரை இன்னோர் ஏற்றம், அது நம் ஆட்கள் குப்பை கொளுத்தும் நேரம். நடுவில் மழை பெய்து ஓய்ந்த பிறகு ஐந்து மணிவாக்கில் எனக்கு எப்போதும் குறைவாகக் காட்டுகிறது.

#19 லயத்து அக்கா
புதன், இரவு 8.00

தம்பி, வேலைக்குப் போகிறவர்கள் ஐந்து மணிக்கு எங்கே நடப்பது? பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆறரை. வீட்டுக்குள் நடந்தால் போதுமா?

#20 ரிட்டையர் மிஸ்ஸி
புதன், இரவு 8.25

தாராளமாகப் போதும் அக்கா. சாப்பிட்ட பின் வீட்டுக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சீனி இறங்கும். தசை வேலை செய்ய வேண்டும், எங்கே செய்கிறது என்பது சீனிக்குத் தெரியாது. புகைக்குப் பயந்து நடையை நிறுத்துவதுதான் கெடுதல். ஏபிஐ 100 தாண்டினால் மட்டும் வெளியே வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் என்95, முகத்தோடு ஒட்டி. மூன்றடுக்கு நீல மாஸ்க் நுண்துகளுக்கு ஓரளவுதான், பக்கவாட்டில் எல்லாம் உள்ளே போய்விடும்.

#21 செம்பனைக்காட்டான்
வியாழன், காலை 7.30

சுருளை நிறுத்தியாயிற்று, வலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவிடம்) குப்பை விஷயம் மெதுவாகப் பேசிப் பார்க்கிறேன், நல்ல மனுஷர்தான். ஆலைக்கு என்ன செய்வது? பாய்லர் மாமா, புகார் கொடுத்தால் வேலைக்காகுமா? கொடுத்தவன் யார் என்று தெரிந்துவிட்டால்? எங்கள் தாமானில் பாதி வீட்டுக்குச் சோறு போடுவதே அந்த ஆலைதான்.

#22 பாய்லர் மாமா
வியாழன், இரவு 11.50

அந்தப் பயம் நியாயம். நான் உள்ளே இருந்தவன், வெளியே இருந்து வரும் புகாரை எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். "புகை அதிகம், தாங்க முடியவில்லை" என்று வந்தால் ஆபிசர் பகலில் வருவார். அந்த நேரம் பாய்லர் அழகாக ஓடும். எழுதிக்கொண்டு போய்விடுவார்.

அதனால் தனி ஆளாகக் கொடுக்காதீர்கள். தாமான் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில், ஜபாத்தான் ஆலாம் செக்கித்தாருக்கு (சுற்றுச்சூழல் இலாகாவுக்கு). தேதி, நேரம், புகையின் நிறம், எவ்வளவு நேரம் கறுப்பாக வந்தது, காற்று எந்தப் பக்கம். இதை ஒரு நோட்டில் சில வாரம் எழுதுங்கள். ராத்திரியிலும் விடியற்காலையிலும் கறுப்பு வருகிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்ச நேரம் வருவது இயல்பு. ஷிப்ட் முழுக்க வந்தால் அது ஈர நார், இல்லையென்றால் தூசி பிடிக்கும் கருவி வேலை செய்யவில்லை. நேரம் தெளிவாக இருந்தால் மில்லில் உள்ள பதிவோடு ஒத்துப் பார்ப்பார்கள், தப்பிக்க முடியாது.

குப்பை கொளுத்துவதும் சட்டப்படி குற்றம்தான், 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 29A பிரிவு. மாக்சிக்கிடம் அதைக் காட்டி மிரட்ட வேண்டாம், ஊராட்சி லோரி எந்தெந்த நாள் வருகிறது என்று கேட்டு ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். பாதிப் பேர் கொளுத்துவது லோரி ஒழுங்காக வராததால்தான்.

#23 செம்பனைக்காட்டான்
வெள்ளி, காலை 6.45

மாமா, வீடியோ எடுத்தால் எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும்? ராத்திரியில் கைப்பேசியில் புகை சரியாக விழவில்லை.

#24 பாய்லர் மாமா
வெள்ளி, இரவு 11.35

ராத்திரி விழாது, விடுங்கள். வெளிச்சம் வந்ததும், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று எடுங்கள். புகைக்கூண்டின் வாயும் அதற்குப் பின்னால் வெறும் வானமும் தெரிய வேண்டும், மேகம் வேண்டாம். ஐந்து நிமிடம் கையை ஆட்டாமல் எடுத்தால் போதும். தொடக்கத்தில் கைக்கடிகாரத்தையும் ஒரு தரம் காட்டிவிடுங்கள். ராத்திரிக்கு நோட்டுதான், கூட வெள்ளைத் துணி ஒன்றைக் கொடியில் போட்டு காலையில் படம் எடுத்துச் சேருங்கள்.